தாகம் பழக்குற துவாரகாபாய்

துவாரகாபாய் வாழைக் கன்னுக்கு முத்தம் குடுக்கறா. இதான் ஊர்ச் சேதி.

ராவேர்ல சவரக்கடைக்காரன் சொல்றான், தினம் உச்சி வெயில்ல ஆயிரத்து முந்நூறு கன்னுக்கும் ஒண்ணு விடாம முத்தமாம், அதனாலதான் அவ உதடு அவ்வளவு தடிச்சுக் கெடக்காம். ஃபைஸ்பூர்ல இன்னும் ஒருபடி மேல போயிட்டாங்க. அவளுக்குப் புள்ளகுட்டியே இல்லையாம், அந்த ஏக்கத்தைக் கன்னு மேல காட்டறாளாம், கன்னும் தலைய ஆட்டுதாம். புர்ஹான்பூர்லேர்ந்து பழம் வாங்க வந்த ஒரு வியாபாரி எங்கிட்டயே வந்து ரகசியமா கேட்டான்: "அந்தம்மா எச்சில்ல ஏதோ மருந்து இருக்காமே, ஒரு பாட்டில் கெடைக்குமா?"

நான் நார்கேடே நர்சரியில டெம்போ ஓட்டறவன். பேரு சுக்தேவ். ஏழாம் கிளாசோட பள்ளிக்கூடத்துக்கு விடுதலை குடுத்தவன். இந்தத் தாலுகாவுல ஒரு பொய்ய ஊர் ஊரா எறக்கறதுக்கு என் வண்டிய விட நல்ல வண்டி கெடையாதுன்னு ஒத்துக்கறேன். ஆனா இந்த விசயம் நடந்தப்ப நான் பக்கத்துலயே நின்னேன். அதனால உள்ளதை உள்ளபடி சொல்றேன். நடுவுல கொஞ்சம் காரம் தூக்கலா இருந்தா பொறுத்துக்கங்க, எங்க கான்தேஷ் சீமையில காரம் இல்லாம தண்ணியே எறங்காது.

துவாரகாபாய் முன்ன தோட்டம் தோட்டமா தார் வெட்டப் போனவ. ஆம்பளைங்க ரெண்டு பேரு தூக்கற தாரை ஒத்தையா தலையில ஏத்திக்கிட்டு வரப்பு மேல நடப்பா. வாழைக்கறை பட்டுப் பட்டு அவ புடவை எதுக்கும் சொந்தக் கலர் கெடையாது, எல்லாம் கருப்புப் புள்ளி. பதினோரு வருசம் முன்னால நர்சரியில சேந்தா. நர்சரியில அவ வேலை என்னன்னு கேட்டா, "புள்ளைங்களுக்குத் தண்ணி குடுக்காம இருக்கறது"ம்பா. கேக்கறவன் பயந்துருவான்.

விசயம் இதான். எங்க நர்சரிக்குக் கன்னு பாட்டில்ல வரும். கெழங்கோட நுனியில கடுகளவு கிள்ளி, லேப்ல இனிப்புக் கூழ்ல நட்டு, கண்ணாடி பாட்டில்ல மூடி வளத்து அனுப்புவாங்க. பாட்டிலுக்குள்ள காத்து இல்ல, வெயில் இல்ல, எப்பவும் ஈரம். வேர் அலையவே வேணாம், இனிப்பு தானா வாய்க்கு வருது. ராஜா வீட்டுப் புள்ள கெட்டுது போங்க. இலைக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாய் ஆயிரக்கணக்குல இருக்காம். வெளிய வளந்த கன்னு வெயில் ஏறினா அந்த வாயெல்லாம் மூடிக்கும், உள்ள இருக்கற தண்ணிய உள்ளயே வெச்சுக்கும். பாட்டில் கன்னுக்கு வாய மூடத் தெரியாது. எங்க பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி, தெறந்தது தெறந்தபடிதான். வெளிய எடுத்து வெச்ச அரை மணியில உள்ள இருக்கற ஈரம் பூரா பறந்துபோயி, நனைஞ்ச துணி மாதிரி மடிஞ்சு விழும். அந்த விசயத்துல மட்டும் தலைவர் வேற, அவரு இதுவரைக்கும் மடிஞ்சதில்ல.

வாய் மூடத் தெரியாததுக்கு மூடப் பழக்கறதுதான் துவாரகாபாயோட உத்தியோகம். மொதல்ல பனி மாதிரி தண்ணி தூவற ஷெட்டு. நாலஞ்சு வாரம் கழிச்சு பச்சை வலை போட்ட ஷெட்டுல, மண்ணு நெறைச்ச பையில. வாரத்துக்கு வாரம் ஈரத்தைக் கொறைப்பா. ஒரேயடியா கொறைச்சா செத்துரும். கொறைக்காமயே இருந்தாலும் தோட்டத்துக்குப் போன மறுநாள் செத்துரும். நடுவுல ஒரு அளவு இருக்கு. அது எந்தப் பொஸ்தகத்துலயும் இல்ல, இருந்தாலும் அவளுக்குப் படிக்கத் தெரியாது.

அவ பாக்கற முறை இதான். உச்சி வெயில்ல குனிஞ்சு, இலையோட அடிப்பக்கத்தை மேலுதட்டுல ஒட்டி வெப்பா. வேர்த்த உடம்பு சில்லுன்னு இருக்குமில்ல, அதே மாதிரி தண்ணிய வெளிய விட்டுக்கிட்டே இருக்கற இலை சில்லுன்னு இருக்கும். வாய மூடின இலை லேசா சுடும். சுட்டா கத்துக்கிட்டதுன்னு அர்த்தம். "சில்லுன்னு இருக்கு, இன்னும் மக்குப் புள்ளதான்"ன்னு வைவா. தூரத்துலேர்ந்து பாக்கறவனுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சபடி சொன்னான். அவனைக் குத்தம் சொல்லிப் பிரயோசனம் இல்ல. அந்த மொத ஆளு நான்தான்னு சிலர் சொல்றாங்க, அதை இப்ப விடுங்க.

இப்ப அவ புருசனைச் சொல்லணும். பண்டரி அண்ணே. ரயில் வேகன்ல வாழைத்தார் ஏத்திக்கிட்டிருந்தவரு, ஒருநாள் பலகை வழுக்கி முழங்கால் போயிடுச்சு. அதுலேர்ந்து பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில தண்ணிப் பந்தல். நாலு பெரிய மண்பானை, செவப்புத் துணி சுத்தி, பித்தளைச் செம்பு வெச்சு, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வர்ற போற எல்லாருக்கும் தண்ணி ஊத்துவாரு. காசு கெடையாது. தாகம் இல்லேன்னாலும் விட மாட்டாரு. "தாகம் இல்லேண்ணே"ன்னு சொன்னா, "வரும், குடி"ம்பாரு. நாய்க்கு ஒரு ஓடு, மாட்டுக்கு ஒரு தொட்டி, காக்காய்க்கு ஒரு கொட்டாங்குச்சி. பந்தலுக்குத் தண்ணி கெணத்துலேர்ந்து ட்ரம்முல என் டெம்போவுல போகும்.

ஒரே வீட்டுல ஒருத்தி தாகம் பழக்கறா, ஒருத்தர் தாகம் தீக்கறாரு. முப்பது வருசமா குடும்பம் நடந்துச்சு, ரெண்டு பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு, ஒருநாளும் சண்டை வரல. ஏன்னா ரெண்டு பேரும் அடுத்தவங்க வேலையிடத்துல காலு வெச்சதில்ல.

போன பங்குனிக் கடைசியில ஒரு லாட்டு கன்னு வித்துப்போயி, வால்ல நின்ன பொடிசுங்க ஆயிரத்து முந்நூறு மிச்சம். சோப்ளாங்கிங்க. யாரும் எடுக்கல. நாங்க 'பாவூ'ன்னு கூப்பிடற நார்கேடே முதலாளி மூக்கை உறிஞ்சிக்கிட்டே சொன்னாரு:

"எரு குழியில கொட்டிரு துவாரகா."

"கொட்டறேன் பாவூ. ஷெட்டுக்குப் பின்னால ஒரு ஏக்கர் சும்மா கெடக்கே, அதை என்ன பண்ணப் போறீங்க?"

"மச்சினன் செங்கல் சூளை போடறேங்கறான். ஏன்?"

"இதுங்களை அதுல நடலாமேன்னு பாத்தேன். நானே நட்டு, நானே பாத்துக்கறேன். பாதி எனக்கு, பாதி உங்களுக்கு."

பாவூ சிரிச்சாரு. அவரு சிரிச்சா வயிறு மட்டும் தனியா சிரிக்கும். "ஏக்கருக்கு ஆயிரத்து இருநூறு கன்னு வேணும். இதுல பாதி பொழைக்காது."

"பொழைச்சா?"

"மழைக்கு நாள் குறிக்கற மிருக நட்சத்திரம் பொறக்கற அன்னைக்கு, உச்சி வெயில்ல வந்து எண்ணுவேன். ஆயிரத்து இருநூறு நிமிந்து நின்னா நீ கேட்டபடியே ஏக்கர் உனக்கு. ஒண்ணு கொறைஞ்சாலும் செங்கல் சூளை. சம்மதமா?"

"காலையில வந்து எண்ணிட்டுப் போயிராதீங்க பாவூ. காலையில எல்லாம் நிமிந்துதான் நிக்கும், குடிகாரன் மாதிரி. பன்னெண்டு மணிக்கு வாங்க."

எங்க பக்கம் சொந்தமா வாழை போட்டவனைத்தான் 'தோட்டக்காரன்'ம்பாங்க, அதுக்கு ஒரு மரியாதை இருக்கு. கல்யாணத்துல மொத பந்தி. துவாரகாபாய் அடுத்தவன் தோட்டத்துல தார் வெட்டியிருக்கா, அடுத்தவன் தோட்டத்துக்குக் கன்னு பழக்கியிருக்கா. சொந்தமா ஒரு தார் அவ கண்ணால பாத்ததில்ல. அந்த ஒரு ஏக்கருக்காக அன்னையிலேர்ந்து அவ சாப்பாட்டையே ஷெட்டுக்கு மாத்திட்டா. பண்டரி அண்ணே நொண்டி நொண்டி வந்து வாசல்ல சோள பாக்ரி ரொட்டியும் மொளகா துவையலும் வெச்சுட்டுப் போவாரு. உள்ள போகமாட்டாரு. உள்ள போகணும்னா செருப்பைக் கழட்டி, மருந்துத் தண்ணியில காலை நனைச்சுட்டுத்தான் போகணும். அவருக்கு முழங்கால் மடங்காது, கயிறு கட்டின கேன்வாஸ் ஷூ வேற. கழட்டினா மாட்டிவிட இன்னொரு ஆள் வேணும்.

சித்திரையில ஆகாஜி வந்துச்சு. எங்களுக்கு அதுதான் தீவாளிய விடப் பெருசு. கட்டிக்குடுத்த பொண்ணுங்க வீட்டுக்கு வந்து ஊஞ்சல் ஆடும், மாம்பழ ரசமும் பூரண போளியும் வயித்தை இழுத்துக் கட்டும். அன்னைக்குப் பெரியவங்க பேர்ல புதுப்பானையில தண்ணி நெறைச்சு வெச்சுக் கும்புடணும். தாகத்தோட இருக்கற ஒரு ஜீவனையும் அன்னைக்குத் திருப்பி அனுப்பக் கூடாது. அனுப்பினா மேல இருக்கற பெரியவங்களுக்கு வருசம் பூரா நாக்கு வறண்டுருமாம்.

துவாரகாபாய் ரெண்டு பொண்ணுங்களோட வீட்டுல போளி தட்டிக்கிட்டிருந்தா. பண்டரி அண்ணே கும்புட்ட பானைய எடுத்துக்கிட்டுப் பந்தலுக்குக் கெளம்பினாரு. வழியில ஷெட்டு. வெளிய நாப்பத்தஞ்சு டிகிரி. எட்டிப் பாத்தாரு. ஆயிரத்து முந்நூறும் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. நான் டெம்போவுல உக்காந்திருந்தேன். அவரு என்னைப் பாத்தாரு. கண்ணுல தண்ணி.

"சுக்தேவ், ஆகாஜி அன்னைக்குடா."

"அண்ணி சொல்லிட்டுப் போயிருக்கு, தொடக்கூடாதுன்னு."

"நான் எங்கடா தொடறேன்? வாசல்ல நின்னு வீசறேன்."

செம்புல மொண்டு வாசல்லேர்ந்தே வீசினாரு. பத்துப் பதினஞ்சு செம்பு. கால் மணியில முன்வரிசைக் கன்னெல்லாம் நிமிந்துச்சு. அவரு மொகத்தை அப்ப பாத்திருக்கணும், விட்டலனே நேர்ல வந்து நின்ன மாதிரி. ஒரு நாளோட முடிஞ்சிருந்தா இந்தக் கதையே இல்ல. மறுநாளும் பாக்ரி குடுக்க வந்தாரு, மறுநாளும் கன்னு தொங்குச்சு. அவ கை கழுவக் கெணத்துப் பக்கம் போற நேரத்துல வீசிட்டு வந்துருவாரு. தண்ணி யாரு குடுத்ததுன்னு கேக்காதீங்க. நான் வண்டி ஓட்டறவன். ட்ரம்மு எங்க எறங்குதுன்னு பாக்கறது என் வேலை இல்ல.

பத்துப் பன்னெண்டு நாள் போச்சு. துவாரகாபாய்க்கு ஏதோ சரியில்லேன்னு தெரிஞ்சுபோச்சு. பின்வரிசையில இலை சுடுது, முன்வரிசையில சில்லுங்குது. அதே மண்ணு, அதே வலை, அதே வெயில். மண்ணு மேல பச்சையா பாசி வேற. குழாய் ஒழுகுதுன்னு நெனச்சு குழாய்க்காரனைக் கூப்பிட்டா, அவன் நாலு டீ குடிச்சுட்டு "குழாய் பத்தினி, ஒரு குத்தமும் இல்ல"ன்னுட்டான். பாவூதான் ஏக்கரைக் குடுக்க மனசில்லாம ஆளு வெச்சுக் கெடுக்கறாருன்னு ரெண்டு நாள் அவரை மொறைச்சா. பாவூவுக்கு ஏன்னு புரியல, வயித்தைத் தடவிக்கிட்டாரு.

மூணாம் நாள் உச்சி வெயில்ல ஒவ்வொரு வரிசையா உதட்டை வெச்சுக்கிட்டே போனா. இருபத்தாறு வரிசை, வரிசைக்கு அம்பது. வாசல்லேர்ந்து பதினோரு வரிசை சில்லு. பன்னெண்டாவதுலேர்ந்து சூடு. கோடு கிழிச்ச மாதிரி. அப்புறம் வாசலுக்கு வந்து, செம்புல தண்ணி மொண்டு வீசினா. பதினாலாவது வரிசையில விழுந்துச்சு.

"சுக்தேவ், இங்க வா. வீசு."

வீசினேன். ஒம்பதுலயே விழுந்துச்சு. வேணும்னேதான்.

"நீ இல்ல," அப்படின்னா. "உன்னைய விட கொஞ்சம் பலசாலி. உள்ள வராத ஆளு." செம்பைக் கையில எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தா. நான் பின்னாலயே போனேன். போகாம இருக்க முடியுமா?

ஒரு மணி புசாவள் பஸ் நின்னுக்கிட்டிருக்கு. பண்டரி அண்ணே ஜன்னல் ஜன்னலா தண்ணி நீட்டிக்கிட்டிருக்காரு. இவ போயி செம்பைக் கையில குடுத்தா.

"ஏங்க, இதுல தண்ணி மொண்டு அந்தப் பக்கம் வீசுங்க."

"எதுக்கு?"

"சும்மா வீசுங்க. நீங்க வீசறதைப் பாத்து ரொம்ப நாளாச்சு."

அந்த மனுசன் சந்தோசமா வீசினாரு. தண்ணி போயி ரோட்டுல விழுந்துச்சு. இவ புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, ஈரம் வரைக்கும் அடி மேல அடி வெச்சு அளந்தா. பஸ்ல இருந்தவங்க எல்லாம் எழுந்து நின்னு பாக்கறாங்க. அளந்து முடிச்சுத் திரும்பினா.

"பதினோரு வரிசை."

பண்டரி அண்ணே மொகம் செத்துப்போச்சு. கண்டக்டர், "என்னம்மா, நெலம் அளக்கறியா?"ன்னான்.

"ஆமா, என் ஏக்கரைத்தான் அளக்கறேன், இந்த தர்மராசா எனக்கு விட்டு வெச்சது எவ்வளவுன்னு!" அப்படின்னு ஆரம்பிச்சா பாருங்க. "ஊருக்கெல்லாம் ஊத்தறீங்க, நான் ஒரு நாள் கேட்டேனா? காக்காய்க்கு ஊத்துங்க, கழுதைக்கு ஊத்துங்க, இந்தக் கண்டக்டருக்கு ஊத்துங்க, என் கன்னுக்கு எதுக்கு ஊத்தினீங்க?"

"தலையத் தொங்கப் போட்டு நின்னுச்சு துவாரகா..."

"தொங்கட்டும்! தொங்கித்தான் பழகும்! நாலு மணிக்கு அதுவா நிமிரும்!"

"நாலு மணி வரைக்கும் எப்படிடீ பாத்துக்கிட்டு இருக்கறது?"

"பாக்காதீங்க! யாரு உங்களைப் பாக்கச் சொன்னா?"

"கண்ணு முன்னால ஒரு ஜீவன் தண்ணி கேக்குது. ஆகாஜி அன்னைக்கு. நான் குடுக்கலேன்னா எங்கப்பனுக்கு நாக்கு வறண்டுரும்."

"உங்கப்பன் உசுரோட இருந்தப்ப தண்ணியா குடிச்சாரு?"

பஸ்ஸே சிரிச்சுது. டிரைவர் ஹார்ன் அடிக்க மறந்துட்டான். பின் சீட்டுலேர்ந்து ஒரு பொம்பள, "விடு அக்கா, தண்ணி குடுத்த மனுசன்தானே, தண்ணி போட்ட மனுசனா?"ன்னு பரிஞ்சு பேசினா. துவாரகாபாய் அவளையும் ஒரு பார்வை பாத்தா, அவ ஜன்னலை மூடிக்கிட்டா.

திரும்பி வந்து முன்வரிசைப் பை ஒண்ணைக் கிழிச்சா. வேர் பூரா மேலயே சேமியா மாதிரி சுத்திக்கிட்டுக் கெடக்கு. மேலயே தண்ணி கெடைக்கும்போது எந்த வேர் கீழ எறங்கும்? பின்வரிசையில ஒண்ணைக் கிழிச்சா. வேர் பையோட அடிய முட்டி நிக்குது. ரெண்டையும், பின்னாலயே நொண்டி வந்து வாசல்ல நின்ன பண்டரி அண்ணே கையில குடுத்தா. அவரு ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டே வாசப்படியில உக்காந்துட்டாரு. எழுந்திரிக்க முடியாதுங்கறது கூட அவருக்கு ஞாபகம் இல்ல.

மிருக நட்சத்திரத்துக்குப் பதினேழு நாள் இருந்துச்சு. பதினோரு வரிசைன்னா ஐநூத்தம்பது கன்னு. இப்பத் தண்ணிய நிறுத்தினா அத்தனையும் போயிரும். நிறுத்தாம இருந்தா ஒண்ணுக்கும் வாய் மூட வராது, பாவூ வர்ற அன்னைக்கு அத்தனையும் படுத்துக் கெடக்கும். எப்படிப் பாத்தாலும் செங்கல் சூளைதான். நான் வண்டியத் தொடைக்கற மாதிரி பாவனை பண்ணிக்கிட்டு நின்னேன். எனக்கும் இதுல ட்ரம்மு அளவுக்குப் பங்கு இருக்குல்ல.

துவாரகாபாய், "ஏங்க, உங்களால ஊத்தாம இருக்க முடியுமா?"ன்னு கேட்டா.

"முடியாது," அப்படின்னாரு. பொய் சொல்லத் தெரியாத மனுசன்.

"அப்ப ஊத்துங்க. தரையில ஊத்துங்க."

"தரைக்கா தாகம்?"

"உங்களுக்கு ஊத்தணும். எனக்கு இலையில படக்கூடாது, பையில விழக்கூடாது. வரிசைக்கு நடுவுல செங்கல் பாதை இருக்கு, அதை நனைங்க. செங்கல்லேர்ந்து ஈரம் காத்துல ஏறும். காத்து ஈரமா இருந்தா கன்னுகிட்டேர்ந்து புடுங்காது. ஆனா வேருக்கு ஒண்ணும் கெடைக்காது, அது தானா கீழ எறங்கும். மொத நாலு நாள் அரை மணிக்கு ஒரு தடவை. அப்புறம் ஒரு மணிக்கு. அப்புறம் நான் சொல்றப்ப."

"ஷூ?"

"நான் கழட்டி விடறேன். நானே மாட்டியும் விடறேன். வேற என்ன பண்றது, கட்டிக்கிட்டாச்சு."

பந்தலை நான் பாத்துக்கிட்டேன். ஆமா, பதினேழு நாள் டெம்போவை ஓரம் கட்டிட்டு நான்தான் பஸ்ஸுக்குத் தண்ணி ஊத்தினேன். புண்ணியத்துல எனக்கும் கொஞ்சம் வரட்டும்னு. தாகம் இல்லேங்கறவனை நான் வற்புறுத்தல, அதுல ரெண்டு பேரு அண்ணேகிட்ட போயி என்னைப் பத்திப் புகார் சொல்லிட்டாங்க.

மொத மூணு நாள் முன்வரிசையில அம்பத்தெட்டு கன்னு போச்சு. துவாரகாபாய் பிடுங்கி எரு குழியில போட்டா. முன்ன போனதோட சேத்து எழுபது. இன்னும் முப்பதுதான் போகலாம். அன்னைக்கு ரெண்டு பேரும் பாக்ரிய ஒரு கடி கூடக் கடிக்கல. நாலாம் நாள் அஞ்சு. அஞ்சாம் நாள் ரெண்டு. அப்புறம் ஒரு காலையில துவாரகாபாய் கூப்பிட்டுக் காட்டினா. முன்வரிசைக் கன்னுல இலை ஓரத்துல சின்னச் சின்னத் தண்ணி முத்து. மேலேர்ந்து யாரும் ஊத்தல. வேர் கீழ போயி குடிச்சு, மிச்சத்தை இலை ஓரமா சிந்தியிருக்கு.

"மூக்கு ஒழுகுது பாருங்க," அப்படின்னா. "புள்ளைங்க உசுரோடதான் இருக்கு."

அதுக்கப்புறம்தான் அண்ணேக்குக் கஷ்ட காலம். ஒரு மணிக்கு ஒரு தடவைன்னது ரெண்டு மணிக்கு ஒண்ணாச்சு. கடைசி மூணு நாள் ஒண்ணுமே கெடையாது. அவரு கையில ஒரு மொறத்துல வேர்க்கடலையக் குடுத்து, உரிக்கச் சொல்லி, சுவத்தைப் பாத்து உக்கார வெச்சுட்டா.

"துவாரகா, காதுல கேக்குது."

"என்ன கேக்குது?"

"தண்ணி தண்ணிங்குது."

"காதுல பஞ்சு வெச்சுக்கங்க. இல்லேன்னா கடலைய வெச்சுக்கங்க."

மிருக நட்சத்திரம் பொறந்துச்சு. வானத்துல ஒரு மேகம் கெடையாது. பாவூ சொன்னபடி பன்னெண்டு மணிக்குக் கொடையோட வந்தாரு. கூடவே செங்கல் மச்சினனும் வந்தான், அவன் கண்ணு பூரா பின்பக்கத்து ஏக்கர் மேல. பாவூவுக்கு ஒரு பழக்கம், எண்ணும்போது வரிசைக்கு ஒரு வேர்க்கடலைய வலது பாக்கெட்லேர்ந்து இடது பாக்கெட்டுக்கு மாத்துவாரு. மொறத்துலேர்ந்து ஒரு பிடி கடலைய அள்ளிப் போட்டுக்கிட்டு எண்ண ஆரம்பிச்சாரு. பாதி வரைக்கும் வந்து இடது பாக்கெட்ல கை விட்டாரு. காலி. நெனப்பில்லாம தின்னுட்டாரு.

மறுபடி மொதல்லேர்ந்து, மறுபடியும் தின்னுட்டாரு. வலைக்குள்ள அடுப்பு மாதிரி இருக்கு. மூணாவது தடவை இருபதாவது வரிசை தாண்டறப்ப பாவூ கொடைய ஊனிக்கிட்டு நின்னாரு, அப்புறம் மெதுவா குந்திட்டாரு. மூஞ்சி வெளுத்துப்போச்சு. நான் ஒண்ணு சொல்றேன், அன்னைக்கு அந்த ஷெட்டுல கன்னெல்லாம் நிமிந்து நின்னுச்சு, மடிஞ்சது பாவூ மட்டும்தான். பண்டரி அண்ணே முழங்காலைக் கூட மறந்து பாய்ஞ்சாரு செம்போட. பதினேழு நாளா தேக்கி வெச்ச தர்மம் பூரா பாவூ தலையில எறங்குச்சு. தலையில ரெண்டு செம்பு, வாய்க்கு மூணு செம்பு.

தெளிஞ்சதும் மச்சினன் ஒரு இலையக் காட்டினான். "ஓரமெல்லாம் காஞ்சிருக்கே அத்தான், இது எப்படிப் பொழைக்கும்?"

"அது பாட்டில்ல பொறந்த இலை," அப்படின்னா துவாரகாபாய். "அது போகத்தான் போகும். நடுவுல வந்திருக்கற புதுசைப் பாரு. அது இங்க பொறந்தது. தொட்டுப் பாரு, நிமிந்து நிக்குதா இல்லையா?"

மிச்சத்தை எல்லாரும் சேந்து சத்தமா எண்ணினோம். ஆயிரத்து இருநூத்துப் பன்னெண்டு. பாவூ மூக்கை உறிஞ்சினாரு. "சரி, சூளைய வேற எடத்துல போட்டுக்கடா," அப்படின்னாரு மச்சினன்கிட்ட. துவாரகாபாய் பக்கம் திரும்பி, "மோட்டார் தண்ணி உனக்கு வியாழக்கிழமை மட்டும்தான்"ன்னாரு.

"போதும் பாவூ. அதுங்களுக்கு அது போதும்."

மழை பதினோரு நாள் லேட்டு. வந்த அன்னைக்கு என் டெம்போவுல ஏத்தி, நாலு நடையில எறக்கினோம். நான் வாடகை வாங்கல, வாங்க மூஞ்சி இல்ல. இப்ப அந்த ஏக்கர்ல இலை என் தலைக்கு மேல. போன வாரம் ஒரு கல்யாணத்துல துவாரகாபாய மொத பந்தியில உக்கார வெச்சாங்க. அவ பாட்டுக்கு ஒரு கட்டு கட்டிட்டு, பக்கத்துல இருந்தவகிட்ட கத்திரிக்கா பரீத்ல உப்பு கம்மின்னு சொல்லிட்டு எழுந்தா.

இதான் உண்மைக் கதை. நேத்து யாவல் பக்கத்துலேர்ந்து ஏழெட்டுப் பொம்பளைங்க ஒரு வேன் புடிச்சு வந்துட்டாங்க, முத்தம் குடுக்கற அம்மாவைப் பாக்கணும்னு. ஒருத்தி கையில தேங்கா பழம் வேற. நான்தான் தோட்டத்துக்குள்ள கூட்டிட்டுப் போனேன். துவாரகாபாய் அருவாளோட பக்கக் கன்னு வெட்டிக்கிட்டிருந்தா, பண்டரி அண்ணே வரப்புல உக்காந்து வந்தவங்களுக்குத் தண்ணி ஊத்த ஆரம்பிச்சுட்டாரு.

தேங்காக்காரி கும்புட்டுக் கேட்டா, "அம்மா, நீங்க முத்தம் குடுத்துத்தான் கன்னெல்லாம் பொழைச்சுச்சாமே, எப்படிக் குடுக்கணும்னு எங்களுக்கும் ஒரு தடவை காட்டுவீங்களா?"

துவாரகாபாய் நிமிந்து மொதல்ல என்னைத்தான் பாத்தா. அப்புறம் அவளைப் பாத்தா.

"முத்தமாவது மண்ணாங்கட்டியாவது. தார் வெட்டி வெட்டி கைத்தோல் செத்துக் கெடக்கு, அதுல சூடு தெரியல, உதட்டுல தெரியுது, அவ்வளவுதான். பூச்சி மருந்தடிச்ச இலைம்மா அது, வெச்சா ராத்திரி வரைக்கும் வாய் கசக்கும், அன்னைக்கு டீ கூட எறங்காது. முத்தம் குடுக்கற ஆசை எனக்கு இருந்திருந்தா, அதோ வரப்புல உக்காந்திருக்காரு பாரு, அவருக்குக் குடுத்திருப்பேன்."